பால் ரூமும் புளியங்கொட்டையும்

"பால் ரூம்" என்று நான் சொன்னதும் என் வீட்டுக்காரர், "எந்தப் பால்? பசும்பாலா, எருமைப் பாலா?" என்று கேட்டார். நீங்களும் அப்படிக் கேட்டால் எனக்குக் கோபம் வராது. சித்தேரி மலையில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி பால் ரூம் நடனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதக் கிளம்பினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

சித்தேரி எங்கே இருக்கிறது என்று தேடி நீங்கள் தேசப் படத்தை விரிக்க வேண்டாம். தர்மபுரி ஜில்லாவில் அரூரிலிருந்து மலையேறினால் வரும் ஊர் அது. இங்கே வாழ்கிறவர்களை மலையாளிகள் என்பார்கள். உடனே கேரளத்தை நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள். பேசுவது நம் தமிழ்தான். சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் புளியும் விளைகிற மண். நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குப் பாதி நாள் காத்திருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இந்த ஊரைப் பற்றி ஒரு குறையும் கிடையாது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நான் செய்த ஒரு தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பால் ரூம் தானாகப் பின்னால் வந்து சேரும்.

போன வருஷம் கீழே டவுனில் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து ஆடல் பாடல் போட்டி ஒன்று நடந்தது. கோலாட்டத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பெண்களைத் தயார் செய்தேன். ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. பெயர் வேண்டாமே, நெட்டை, குட்டை என்றே வைத்துக்கொள்வோம். மற்றப் பள்ளிப் பிள்ளைகள் அரக்கு வர்ணம் பூசி, சலங்கை கட்டிய கோல்களைக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகளின் கைகளில் இருந்தவை நெட்டையின் அப்பா காட்டில் வெட்டிச் சீவிக் கொடுத்த குச்சிகள்.

கோலாட்டத்தில் ஒரு சங்கதி உண்டல்லவா? என் கோல் உன் கோலைத் தட்டினால்தான் சப்தம். ஒருத்தி தப்பினால் இரண்டு பேருக்கும் சப்தம் இல்லை. பாதி ஆட்டத்தில் குட்டையின் கையிலிருந்து கோல் நழுவிக் கீழே உருண்டுவிட்டது. அவள் அப்படியே திகைத்து நின்றாள். நெட்டை என்ன செய்தாள் தெரியுமா? ஆட்டத்தை நிறுத்தினாள்; சாவதானமாகக் குனிந்து கோலை எடுத்தாள்; தோழியின் கையில் கொடுத்தாள்; "ம்" என்று தலையை அசைத்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். சபையில் இரண்டொருவர் கை தட்டினார்கள்.

இதையெல்லாம் நான் பார்த்தது நடுவர் மேஜையிலிருந்து! அன்று வரவேண்டிய நடுவர் ஒருவர் வரவில்லை. "நீங்கள் உட்காருங்கள் டீச்சர்" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். என் பிள்ளைகள் ஆடும் போட்டியில் நான் உட்காரலாமா என்று கேட்கத்தான் செய்தேன். "உங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள். அந்த ஒரு வார்த்தை போதாதா, மனுஷியைக் கெடுப்பதற்கு?

கோல் விழுந்ததற்கும் ஆட்டம் நின்றதற்கும் குறைக்க வேண்டிய மார்க்கைக் குறைத்தேன். அத்துடன் விட்டிருக்கலாம். 'சொந்தப் பள்ளிக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே' என்ற நினைப்பில் இன்னும் இரண்டு மார்க்கைக் குறைத்தேன். நேர்மையாக நடந்துகொண்டதாக எனக்கு அப்போது ஒரு பெருமை வேறு.

மூன்று நடுவர்கள் போட்ட மார்க்கையும் கூட்டினார்கள். எங்கள் ஜோடிக்கு மூன்றாம் பரிசு ஒரே ஒரு மார்க்கில் தவறிப் போயிற்று. பிறகு காகிதங்களைப் பார்த்தேன். மற்ற இரண்டு நடுவர்களும், கோல் விழுந்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், அவர்களை மூன்றாவதாகவே வைத்திருந்தார்கள். கீழே தள்ளினது நான் ஒருத்திதான்.

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் குட்டை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஊர் நெருங்கும்போது, "டீச்சர், நான் இனிமே கோல் எடுக்க மாட்டேன். அக்காவுக்கு வேற ஜோடி பாருங்க. என்னாலதான் அவளுக்கும் போச்சு" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. 'உன்னால் இல்லையம்மா, என்னால்' என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை.

அன்று இரவு சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் என் அக்காள் மகள் டெலிபோனில் கூப்பிட்டாள். அவள் இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். "சித்தி, நான் பிளாக்பூலுக்குப் போயிருந்தேன். டான்ஸ் போட்டி பார்த்தேன். உனக்குப் படம் அனுப்புகிறேன்" என்றாள். 'எனக்கு இருக்கிற வேதனையில் இன்னொரு போட்டியா!' என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தூக்கம் வராத ராத்திரி யாரைத்தான் சும்மா இருக்க விடுகிறது? எங்கள் வீட்டுத் திண்ணையின் ஒரு மூலையில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். போர்வையைப் போர்த்திக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து பார்த்தேன்.

அம்மாடி! என்ன கூடம்! என்ன வெளிச்சம்!

பிளாக்பூல் என்பது இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரைப் பட்டணம். அது இருப்பது லங்காஷயரில். பஞ்சாலைகளுக்குப் பேர்போன சீமை; நம் கோயம்புத்தூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தக் காலத்தில் வருஷத்துக்கு ஒரு வாரம் ஊர் ஊராக ஆலைகளை மூடுவார்களாம். தொழிலாளிகள் குடும்பத்தோடு ரயிலேறிப் பிளாக்பூலுக்கு வந்து கடற்காற்று வாங்கி, இரவெல்லாம் ஆடிவிட்டுப் போவார்களாம். அங்கே 'வின்டர் கார்டன்ஸ்' என்று ஒரு பெரிய கேளிக்கை மாளிகை 1878-ல் திறக்கப்பட்டது. அதற்குள் 1896-ல் ஏற்பட்டது 'எம்ப்ரெஸ் பால்ரூம்' என்னும் ஆட்டக் கூடம். ஆடும் தளம் மட்டும் 12,500 சதுர அடி. பட்டணத்து வாசகிகளுக்கு விளங்கும்படி சொன்னால் ஐந்து கிரவுண்டுக்கு மேல்! அத்தனையும் வழவழவென்று மரப்பலகை பாவியது. பெருக்கித் துடைக்கிறவர்களை நினைத்து எனக்கு இடுப்பு வலித்தது.

'பால்' என்றால் அவர்கள் பாஷையில் ஆட்டக் கச்சேரி. ஆகவே பால் ரூம் என்பது ஆட்டக் கூடம். (என் வீட்டுக்காரர் கவனிக்கவும்.) ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கை கோத்து ஆடுகிறார்கள். ஆணின் வலது கை பெண்ணின் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே. அவளுடைய இடது கை அவன் புஜத்தின் மேல். மற்ற இரண்டு கைகளும் கோத்தபடி. ஜோடிகளெல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒன்றின் மேல் ஒன்று மோதாமல் போவதே தனி வித்தை.

'வால்ட்ஸ்' என்பது மூன்று எண்ணிக்கை. நம் கணக்கில் தகிட, தகிட. 'பாக்ஸ்டிராட்' நாலு எண்ணிக்கை, தகதிமி. 'வியன்னா வால்ட்ஸ்' அதே தகிடவை ஓட ஓட ஆடுவது. 'டாங்கோ' அர்ஜென்டீனாவிலிருந்து வந்த முறுக்கான ஆட்டம். 'குவிக்ஸ்டெப்', பெயருக்கேற்ற துள்ளோட்டம். இந்த ஐந்தும் ஒரு வகை. சாசாசா, சம்பா, ரும்பா, பாஸோ டோப்ளே, ஜைவ் என்று இன்னோர் ஐந்து, லத்தீன் வகை. வால்ட்ஸில் பெண்ணின் கவுன் தாமரைப் பூ விரிவதைப் போல விரிகிறது. ஆணுக்கு வால் வைத்த கறுப்புக் கோட்டு. முதுகில் ஒரு நம்பர். அந்த நம்பரைப் பார்த்தபோதுதான் என் வேதனையையும் மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஆட்டம் நமக்கு அடியோடு அந்நியம் என்று நினைக்காதீர்கள். பெரம்பூர், போத்தனூர் ரயில்வே காலனிகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வால்ட்ஸும் பாக்ஸ்டிராட்டும் ஆடிய காலம் உண்டு. என்ஜின் கரியைக் கழுவிவிட்டு, கஞ்சி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, ரயில்வே இன்ஸ்டிடியூட் தளத்தில் மனைவியோடு ஆடியவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று எத்தனையோ தேசங்களில் இருக்கிறார்கள்.

மறுநாள் முதல் எனக்கு இதே பைத்தியமாகப் போயிற்று. அக்காள் மகளைத் துளைத்தெடுத்தேன், கிடைத்ததையெல்லாம் படித்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே கேள்விக்குப் பதில்: அங்கே மார்க் போடுகிறவர்கள் எப்படிப் போடுகிறார்கள்?

கேளுங்கள். முதல் சுற்றுகளில் அங்கே மார்க்கே கிடையாது. தளத்தில் ஏராளமான ஜோடிகள். சுற்றிலும் நடுவர்கள் நிற்கிறார்கள். 'இத்தனை ஜோடிகளை அடுத்த சுற்றுக்கு அனுப்புங்கள்' என்று அவர்களுக்குச் சொல்லப்படும். தங்களுக்குப் பிடித்த நம்பர்களைக் குறித்துக் கொடுப்பார்கள். ஒரு பாட்டு நடப்பது ஒன்றரை, இரண்டு நிமிஷம். அதற்குள் அத்தனை பேரையும் பார்த்தாக வேண்டும். ஒரு ஜோடியின் மேல் கண் தங்குவது சில விநாடிகள்தான். வருஷமெல்லாம் பட்ட பாடு அந்தச் சில விநாடிகளில் தெரிய வேண்டும்! இப்படிச் சுற்றுச் சுற்றாக வடிகட்டிக் கடைசியில் ஆறு ஜோடிகள் நிற்கும்.

அந்தக் கடைசிச் சுற்றில்தான் சூட்சுமம். ஒவ்வொரு நடுவரும் முதலிலிருந்து ஆறு வரை இடம் போடுகிறார். ஆனால் அந்த எண்களை நம்மைப் போலக் கூட்டிப் பார்ப்பதில்லை. பாதிக்கு மேற்பட்ட நடுவர்கள் ஒரு ஜோடியை முதலிடத்தில் வைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்கிறார்கள். ஒன்பது நடுவர்கள் என்றால் ஐந்து பேர். இருந்தால் அந்த ஜோடிக்கு முதலிடம். யாருக்கும் ஐந்து இல்லையென்றால், முதலிடமும் இரண்டாமிடமும் கொடுத்தவர்களைச் சேர்த்து எண்ணுகிறார்கள். அதிலும் இல்லாவிட்டால் மூன்றாமிடத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இதற்கு 'ஸ்கேட்டிங்' முறை என்று பெயர். ஒரு நடுவர் சிநேகத்துக்காக உச்சியில் வைத்தாலும் சரி, வீம்புக்காக அதல பாதாளத்தில் தள்ளினாலும் சரி, அந்த ஒருவருடைய எண் மட்டும் மற்றவர்களுடைய தீர்ப்பைப் புரட்டிவிட முடியாது.

இதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் போட்டியில் மூன்று நடுவர்கள். இரண்டு பேர் 'மூன்றாவது' என்றார்கள். பிளாக்பூல் கணக்குப்படி என் பிள்ளைகளுக்கு மூன்றாம் பரிசு. என் நேர்மை இரண்டு மார்க்கும் என் கைக்குள்ளேயே செல்லாக் காசாகியிருக்கும்.

நம்பரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அது இது: ஒரு ஜோடிக்கு ஒரே நம்பர். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று கிடையாது. அவன் பிரமாதம், அவள் சுமார் என்று தனித் தனியாக எடை போட இடமில்லை. பெண் பெரும்பாலும் பின்னோக்கியே நடக்கிறாள், அதுவும் உயர்ந்த குதிகால் செருப்போடு. எதிரே வருவது அவனுக்குத்தான் தெரியும். அவன் கையின் சிறிய அசைவிலிருந்து அவள் தெரிந்துகொள்கிறாள். அவள் உடம்பின் பதிலிலிருந்து அவன் அடுத்த அடியைத் தீர்மானிக்கிறான். நடத்துகிறவன் அவன், தொடர்கிறவள் அவள் என்று சொன்னாலும், தொடர்கிறவள் சும்மா இழுபட்டுக்கொண்டு போகிறாள் என்று நினைத்தால் பெரிய தப்பு. குடித்தனம் நடத்தும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? ஒருத்தருடைய கால் தடுமாறினால் இரண்டு பேரும் தோற்கிறார்கள். ஜெயித்தாலும் இரண்டு பேரும்தான். 'என்னாலதான் அவளுக்கும் போச்சு' என்று பஸ்ஸில் அழுதவளின் முகம் எனக்கு நினைவு வந்தது.

பிளாக்பூலில் கோல் விழுந்தால் மன்னித்துவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் ஆட்டம் நின்றால் போயிற்றுதான். 1996-ல் வந்த 'ஷல் வி டான்ஸ்?' என்ற ஜப்பானியப் படத்தில், பிளாக்பூலில் பட்ட தோல்வியின் வடுவை மனத்தில் சுமந்துகொண்டு ஒரு பெண் நாட்டியப் பள்ளியில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். கதைதான் என்றாலும், அந்த ஊர் தூர தேசத்தாரையும் எப்படி ஆட்டி வைக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஜெயிக்கிறவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய், மறு வருஷம் திரும்பி வருகிறார்கள். எனக்கு அந்தத் திரும்பி வருதல்தான் பெரிதாகப் பட்டது.

அந்த விழாவே பல முறை விழுந்து எழுந்ததுதான். 1941 முதல் 1945 வரை யுத்தத்தினால் நடக்கவில்லை. 1946-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். முதலில் ஈஸ்டர் சமயத்தில் நடந்தது, பிறகு மே மாதத்துக்கு மாறியது. லத்தீன் ஆட்டங்கள் 1961-லும் 1962-லும் உள்ளே நுழைந்தன. 2020-ல் கொரோனா வந்து, நூறாவது வருஷத்தைக் கொண்டாட இருந்த சமயத்தில் கதவைச் சாத்திவிட்டது. அதன் பிறகும் திறந்துவிட்டார்கள்.

நூறு வருஷம் என்றதும் ஆரம்பக் கதையைத் தேடினேன். அங்கேதான் எனக்குப் புதையல் கிடைத்தது.

1920-ம் வருஷம். முதல் உலக யுத்தம் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த புது வாத்தியங்களும் புது ஆட்டங்களும் இளைஞர்களின் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தன. எல்லோரும் வரிசையாகச் சேர்ந்து ஒரே அடியை வைத்து ஆடும் பழைய ஆட்டங்கள் மங்கிக்கொண்டிருந்தன. அப்போது பிளாக்பூலில் ஒருவருக்கு ஒரு யோசனை தோன்றியது. வின்டர் கார்டன்ஸின் சங்கீத டைரக்டர் ஹாரி உட் என்று சிலர் சொல்கிறார்கள்; நெல்ஸன் ஷார்ப்பிள்ஸ் என்ற சங்கீதப் பதிப்பாளர் என்று சிலர் சொல்கிறார்கள். யாராக இருந்தாலும் அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்!

ஏனென்றால் அந்த முதல் விழா, 'யார் நன்றாக ஆடுகிறார்கள்?' என்று பார்க்கும் போட்டியே அல்ல. 'யார் நல்ல ஆட்டத்தைக் கண்டுபிடித்து வருகிறார்கள்?' என்ற போட்டி! வால்ட்ஸுக்கு ஒரு நாள், டூ-ஸ்டெப்புக்கு ஒரு நாள், பாக்ஸ்டிராட்டுக்கு ஒரு நாள் என்று மூன்று நாள் புது ஆட்டங்களைப் பார்த்தார்கள். நாலாவது நாள் அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மாதிரி ஆட்டத்தை ஒரு ஜோடி மட்டும் ஆடிவிட்டுப் போவதில்லை. கூடத்தில் இருக்கிற எல்லோருமே கற்றுக்கொண்டு சேர்ந்து ஆடலாம். சாம்பியன் பட்டங்களெல்லாம் பின்னால் வந்தவை; பிரிட்டிஷ் சாம்பியன் போட்டிகள் அங்கே தொடங்கியது 1931-ல்தான்.

நான் திண்ணையில் எழுந்து நின்றுவிட்டேன். "அடடே, இது நம் கும்மி அல்லவா!" என்று வாய்விட்டே சொன்னேன். கும்மியில் ஒருத்தி ஓர் அடியைப் புதிதாகப் போட்டால் அடுத்த சுற்றுக்குள் வட்டம் முழுவதும் அதே அடி. யார் கண்டுபிடித்தது என்று கேட்பாரில்லை, எல்லோருடையதாகவும் ஆகிவிடுகிறது.

மறு வாரம் பள்ளியில் அறிவித்தேன்: "வெள்ளிக்கிழமை ஒரு போட்டி. நன்றாக ஆடுகிறவர்களுக்குப் பரிசு இல்லை. கோலாட்டத்தில் ஒரு புது அடி கண்டுபிடித்து வாருங்கள். ஜெயிக்கிற அடியை நாம் எல்லோரும் கற்றுக்கொண்டு ஆடுவோம்."

பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. குட்டை மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நான் அவளையும் நெட்டையையும் தனியாகக் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் பெரிய அதிகாரிகள் முன்னால்கூட எனக்கு அப்படி நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை.

"அன்றைக்கு உங்களுக்குப் பரிசு போனது என்னால். கோல் விழுந்ததற்குக் குறைக்க வேண்டிய மார்க் வேறு. அதற்கு மேல் நான் இரண்டு மார்க் குறைத்தேன். என் பள்ளிப் பிள்ளைகள் என்று யாரும் பேசக் கூடாதே என்று குறைத்தேன். அது தப்பு" என்றேன்.

நெட்டை, "பரவால்ல டீச்சர்" என்று உடனே சொல்லிவிட்டாள். குட்டை சொல்லவில்லை. ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு, "அப்ப, கோல் விழுந்தும் எங்களுக்கு மூணாவது வந்திருக்குமா?" என்று கேட்டாள்.

"வந்திருக்கும்."

அவ்வளவுதான். அவள் சிரிக்கவில்லை, என்னை மன்னித்துவிட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம் மைதானத்து ஓரத்தில் இரண்டு பேருமாகக் கோலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்பது நடுவர்களைச் சேர்த்தேன். சத்துணவு சமைக்கிற அம்மாள், மூன்று தாயார்கள், இரண்டு தகப்பனார்கள், எங்கள் பள்ளியின் இன்னொரு வாத்தியார், கூன் விழுந்த இரண்டு பாட்டிகள். நான் மட்டும் நடுவராக உட்காரவில்லை, பட்டது போதும்! எழுதத் தெரியாத பாட்டிகளுக்காக ஓர் ஏற்பாடு: ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியங்கொட்டை, ஒரு துவரை. மிகவும் பிடித்த அடிக்குப் புளியங்கொட்டை. அதற்கு அடுத்ததற்குத் துவரை. நாலு அடிகள் கடைசிச் சுற்றுக்கு வந்தன. நாலு கொட்டாங்கச்சிகளை ஒரு திரைக்குப் பின்னால் வைத்தேன். ஒருவர் போடுவது இன்னொருவருக்குத் தெரியாது.

பையன்கள் இரண்டு பேர், ஒரே தாவாகத் தாவிக் காலுக்குக் கீழே கோலைத் தட்டினார்கள். பலத்த கரகோஷம். ஒரு ஜோடி முதுகோடு முதுகு சேர்த்துத் தட்டியது. இன்னொரு ஜோடி நெல் குத்துவது போல் ஆடியது. கடைசியாக நெட்டையும் குட்டையும் வந்தார்கள். தட்டிக்கொண்டே வந்து, ஒரு தாளத்தில் குட்டை தன் கோலைத் தரையில் மெதுவாக வைத்தாள். அடுத்த தாளத்தில் நெட்டை குனிந்து அதை எடுத்தாள். மூன்றாவது தாளத்தில் நீட்டினாள். நாலாவதில் குட்டை வாங்கிக்கொண்டு ஓங்கித் தட்டினாள். பிறகு நெட்டை வைத்தாள், குட்டை எடுத்துக் கொடுத்தாள். வைப்பது, எடுப்பது, கொடுப்பது, தட்டுவது. தகதிமி!

எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

திரையை விலக்கி எண்ணினோம். தாவின பையன்களுக்கு நாலு புளியங்கொட்டை, துவரை ஒன்றுகூட இல்லை. நெட்டை குட்டைக்கு மூன்று புளியங்கொட்டை, மூன்று துவரை. முதுகாட்டத்துக்கு இரண்டு புளியங்கொட்டை, இரண்டு துவரை. நெல் குத்தினவர்களுக்குத் துவரை மட்டும் நாலு. ஒன்பது பேரில் ஐந்து புளியங்கொட்டை யாருக்கும் இல்லை. ஆகவே பிளாக்பூல் சட்டப்படி இரண்டையும் சேர்த்து எண்ணினோம். நெட்டை குட்டைக்கு ஆறு. மற்ற மூவருக்கும் நாலு நாலு. தாவலை நாலு பேர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள், மற்ற ஐந்து பேருக்கு அது எட்டவேயில்லை. குனிந்து எடுத்துக் கொடுத்தது அநேகமாக எல்லோர் மனத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தங்கியிருந்தது.

பரிசு என்ன தெரியுமா? அந்த அடியை அன்றைக்கே பள்ளி முழுவதும் ஆடியதுதான். நாற்பது, ஐம்பது பிள்ளைகள் வட்டம் கட்டி, வைத்து, எடுத்து, கொடுத்து, தட்டினார்கள். தாவின பையன்களும் ஆடினார்கள். கூனல் பாட்டிகளில் ஒருத்தி, "நான் குனிஞ்சேதானே இருக்கேன், எனக்கு இது சுளுவு" என்று சொல்லிக்கொண்டு நடுவில் புகுந்துவிட்டாள். குட்டை வட்டத்தைச் சுற்றி ஓடி ஓடி, "அப்படி இல்ல, மூணாவதுல நீட்டணும்" என்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். இனிமேல் கோலே எடுக்க மாட்டேன் என்றவள்!

இந்த வருஷமும் டவுனில் போட்டி வருகிறது. அவர்கள் இரண்டு பேரும் போகிறார்கள். ஜெயிப்பார்களா என்று எனக்குத் தெரியாது. நடுவர் மேஜையில் உட்காரச் சொன்னால், தலைவலி என்று சொல்லிவிடுவதாக இருக்கிறேன். ஆனால் அங்கே உட்காருகிறவர்களிடம் ஸ்கேட்டிங் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கத்தான் போகிறேன். கேட்டுக்கொண்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு பிள்ளை பாட்டிலோ ஆட்டத்திலோ கோலத்திலோ தோற்று, வாடிய முகத்துடன் வந்து நிற்கும் நாள் வரும். "எத்தனையாவது வந்தாய்?" என்று கேட்பதற்கு முன்னால், "என்ன ஆடினாய்? எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பிளாக்பூலில் நூறு வருஷத்துக்கு முன்பு அப்படிக் கேட்டுத்தான் ஆரம்பித்தார்கள்.

பின் குறிப்பு ஒன்று. நேற்றிரவு என் வீட்டுக்காரர் அந்தப் படத்தை என் தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, மூன்று எண்ணிக்கைதானே?" என்று திண்ணையில் இரண்டு அடி வைத்துப் பார்த்தார். மூன்றாவது அடியில் பால் சொம்பைத் தட்டிவிட்டார். பசும்பால்!